ஏடிஎலியன்ஸ், 1996: அவுட்காஸ்டின் இரண்டாவது ஆல்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

அட்லாண்டாவில் ஒலிம்பிக் போட்டிகள் நிறைவடைந்து மூன்று வாரங்கள் கழிந்த நிலையில், 1996 ஆகஸ்ட் 27 அன்று, அந்நகரை ஒட்டிய ஈஸ்ட் பாயின்ட்டில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு இளைஞர்களின் இரண்டாவது ஆல்பம் கடைகளுக்கு வந்தது. ஆன்ட்ரே பெஞ்சமின், பிக் பாய் என்று அறியப்படும் அன்ட்வான் பேட்டன் ஆகிய இருவருக்கும் அப்போது வயது 21. அவுட்காஸ்ட் என்ற ஹிப்ஹாப் குழுவாக 1994இல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆல்பம் பாராட்டையும் விற்பனையையும் ஒருசேரப் பெற்றிருந்தது. அடுத்ததாக வந்த ‘ஏடிஎலியன்ஸ்’ அதன் தொடர்ச்சியாக இல்லை. ஒலி மாறியிருந்தது; பாடுபொருள் மாறியிருந்தது; பாடுகிறவர்களில் ஒருவரின் தோற்றமும் வாழ்க்கை முறையும்கூட மாறியிருந்தன. இவ்வளவு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துவிட்டும் அந்த ஆல்பம் முந்தையதைவிட உயர்ந்த இடத்தைப் பிடித்தது எப்படி என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், நியூயார்க்கில் ஒரு விருது மேடையில் கூச்சலிட்டு அவமதிக்கப்பட்டவர்கள் அந்தக் கோபத்தில் சாதித்துக் காட்டினார்கள் என்பது. உணர்ச்சிக்கு இதமான கதைதான். அதில் உண்மையும் ஓரளவு உண்டு. ஆனால் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அதில் கோபம் மிகக் குறைவாகவே காணப்படுகிறது. என் பார்வையில், தீர்மானகரமாக அமைந்தது அந்த மேடை அல்ல. முதல் ஆல்பத்தின் வெற்றியில் கிடைத்த பணத்தையும் நேரத்தையும் கொண்டு இசைக்கருவிகளை வாங்கி, தங்கள் ஒலியைத் தாங்களே அமைக்கக் கற்றுக்கொண்டதே தீர்மானகரமாக அமைந்தது. மற்ற மாற்றங்கள் எல்லாம் அதன் வழியாகவே ஆல்பத்திற்குள் நுழைந்தன.

முதல் ஆல்பம் விட்டுச்சென்ற சுமை

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஹிப்ஹாப்புக்கு இரண்டு தலைநகரங்கள் இருந்தன: நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ். தெற்கிலிருந்து ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ், டெக்சஸின் யூஜிகே, மெம்ஃபிஸின் எய்ட்பால் அண்ட் எம்ஜேஜி போன்றவர்கள் தங்கள் பகுதிகளில் பெரும் ஆதரவைப் பெற்றிருந்தார்கள். அட்லாண்டாவிலிருந்தே கிரிஸ் கிராஸும் அரெஸ்டட் டெவலப்மென்ட்டும் 1992இல் நாடு முழுவதும் ஒலித்தார்கள். இருந்தும், ஹிப்ஹாப்பின் உயிரான, தாளத்துக்கேற்பச் சொற்களைப் பேசிப் பாடும் ராப் என்ற கலையின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் தங்களிடம்தான் இருக்கிறது என்ற எண்ணம் இரு கடற்கரைகளுக்கும் இருந்தது. தெற்கத்திய உச்சரிப்பே அங்கே ஒரு குறையாகக் கருதப்பட்டது.

ஆன்ட்ரேயும் பிக் பாயும் ஈஸ்ட் பாயின்ட்டின் ட்ரை-சிட்டீஸ் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். ஹெட்லாண்ட் சாலையும் டிலோ சாலையும் சந்திக்கும் இடத்திலுள்ள கடைவரிசையில், ரிக்கோ வேட் என்ற இளைஞர் பணிபுரிந்த அழகுசாதனப் பொருட்கள் கடை ஒன்று இருந்தது. அங்கே சென்ற இவர்கள், எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவினரின் பாடல் ஒன்றின் இசையை மட்டும் ஓடவிட்டு, மாறி மாறி நிறுத்தாமல் ராப் செய்து காட்டினார்கள். ரிக்கோ வேட், ரே மர்ரே, ஸ்லீப்பி பிரவுன் ஆகிய மூவரும் சேர்ந்த ஆர்கனைஸ்டு நாய்ஸ் என்ற இசையமைப்புக் குழு அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரிக்கோவின் தாயார் வீட்டின் நிலவறைதான் அவர்களுடைய பட்டறை. முழுதாகத் தளம்கூடப் போடப்படாத, செம்மண் தெரியும் அந்த இடத்தை ‘டஞ்சன்’ என்று அழைத்தார்கள். அங்கே கூடிய பாடகர்களும் கவிஞர்களும் இசைக்கலைஞர்களும் பின்னாளில் டஞ்சன் ஃபேமிலி என்று அறியப்பட்டார்கள்.

எல்.ஏ. ரீடும் பேபிஃபேஸும் தொடங்கிய லாஃபேஸ் ரெக்கார்ட்ஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் (ஆர்&பி) இசைக்குப் பெயர்பெற்ற நிறுவனம். அதில் ஒப்பந்தமான முதல் ஹிப்ஹாப் குழு அவுட்காஸ்ட்தான். நிறுவனம் 1993இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் தொகுப்புக்காக ஒரு பாடல் கேட்டபோது, பண்டிகை நாளில் தங்கள் தெருவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையே இவர்கள் பாடிக் கொடுத்தார்கள். ‘பிளேயர்ஸ் பால்’ என்ற அந்தப் பாடல், அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ராப் பட்டியலில் முதலிடத்திற்குச் சென்றது. 1994 ஏப்ரல் 26 அன்று வெளியான முதல் ஆல்பமான ‘சதர்ன்பிளேயலிஸ்டிக்கேடிலாக்மியூசிக்’ ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 பட்டியலில் 20ஆம் இடம்வரை உயர்ந்து, அடுத்த ஆண்டில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றையும் பெற்றது.

அந்த ஆல்பத்தின் வெற்றியிலேயே அடுத்த ஆல்பத்திற்கான ஆபத்தும் இருந்தது. அதன் இசை ஆர்கனைஸ்டு நாய்ஸுடையது: பேஸ் கிடாரும் கீபோர்டும் நேரடியாக வாசிக்கப்பட்ட, கதகதப்பான, மெல்ல உருளும் ஃபங்க் என்ற ஆட்ட இசை. பாடல்களின் நாயகன் கேடிலாக் காரில் வலம் வரும் தெற்கத்திய மைனர். ரசிகர்களுக்கு அது பிடித்துவிட்டது. அதையே இன்னொரு முறை செய்திருந்தால் விற்றிருக்கும். அரைத்த மாவையே அரைப்பதற்கு நிறுவனமும் தடை சொல்லியிருக்காது. அதே சமயம் ஆர்கனைஸ்டு நாய்ஸுக்கு வெளி வேலைகள் குவியத் தொடங்கியிருந்தன. டிஎல்சி குழுவுக்காக அவர்கள் அமைத்த ‘வாட்டர்ஃபால்ஸ்’ 1995இல் ஏழு வாரங்கள் அமெரிக்காவின் முதலிடப் பாடலாக இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் டஞ்சனின் இன்னொரு குழுவான கூடி மாபின் முதல் ஆல்பமும் அவர்களின் இசையில் வெளியானது. தங்களை வளர்த்தவர்களின் கவனம் பல திசைகளில் பிரியும் காலத்தில்தான் இந்த இருவரும் அடுத்த ஆல்பத்தை உருவாக்க வேண்டியிருந்தது.

1995 ஆகஸ்ட் 3

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் இருந்த பாரமவுன்ட் அரங்கில் ‘தி சோர்ஸ்’ என்ற ஹிப்ஹாப் இதழின் விருது விழா நடந்தது. கிழக்கு, மேற்குக் கடற்கரைக் குழுக்களிடையே பகை முற்றியிருந்த நேரம் அது. அன்றிரவு மேடையிலேயே அது வெளிப்படையாக வெடித்தது. அத்தகைய சூழலில், ஆண்டின் சிறந்த புதிய குழு என்று அட்லாண்டாவைச் சேர்ந்த இருவரின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, அரங்கின் பெரும்பகுதி கூச்சலிட்டது. பிக் பாய் நியூயார்க்குக்கு மரியாதை தெரிவித்துப் பேசினார். அவருக்குப் பிறகு ஒலிவாங்கி முன் வந்த ஆன்ட்ரே, திறந்த மனமில்லாதவர்களைக் கண்டு சலித்துவிட்டதாகச் சொல்லி, தெற்குக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்ற ஒரே வரியோடு முடித்துக்கொண்டார். அந்த வரி இன்றுவரை தெற்கத்திய ஹிப்ஹாப்பின் பிரகடனமாக மேற்கோள் காட்டப்படுகிறது.

அந்த இரவின் தாக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஆல்பத்தில் எந்த வடிவத்தில் இடம்பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தங்களை வெளியாள் என்று தள்ளியவர்களுக்கு, நாங்களும் உங்களைப் போன்றவர்களே என்று நிரூபிக்க அவர்கள் முனையவில்லை. உங்களுக்குத் தெரிந்த எந்த ஊரையும் சேர்ந்தவர்கள் அல்ல என்று ஒரு படி மேலே போனார்கள். அட்லாண்டாவின் சுருக்கப் பெயரான ஏடிஎல்லையும் வேற்றுக்கிரகவாசி என்ற சொல்லையும் பிணைத்து ஆல்பத்துக்குப் பெயரிட்டார்கள். அட்டை ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தின் முகப்பைப் போல வரையப்பட்டது. உள்ளே இருந்த சிறு புத்தகத்தில், இசையை ஒடுக்க வரும் தீய சக்தியை இருவரும் எதிர்த்துப் போராடும் சித்திரக்கதையே இடம்பெற்றது. பதிலடிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஆல்பத்தில் எந்த எதிரியின் பெயரும் கிடைக்கவில்லை. கிழக்கும் மேற்கும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தாக்கிக்கொண்டிருந்த ஆண்டில், ஆல்பம் வெளியாகி மூன்று வாரங்கள் முடிவதற்குள் மேற்குக் கடற்கரையின் ராப் பாடகர் டூபாக் ஷகூர் சுடப்பட்டு உயிரிழந்த அந்த ஆண்டில், இந்த ஒதுங்கல் எளிய முடிவாக இருந்திருக்க முடியாது.

கருவிகள் கைக்கு வந்தன

ஹிப்ஹாப்பில் தயாரிப்பு என்பது பணம் போடுவதைக் குறிப்பதில்லை. பாடலின் தாளத்தையும் இசையையும் கட்டுவதைக் குறிக்கிறது. பீட் எனப்படும் அந்த இசைக்கட்டு யாருடையதோ, பாடலின் வேகமும் மனநிலையும் அவருடைய கையில் இருக்கும். ராப் செய்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவருக்குக் கொடுக்கப்பட்ட பீட் அனுமதிக்கும் எல்லைக்குள்தான் பேச முடியும். கொண்டாட்டத்துக்கென்று கட்டப்பட்ட பீட்டின் மீது தன் தனிமையைப் பேச முயல்கிறவரின் சொற்கள் அந்தத் தாளத்தில் பொருந்தாமல் தனித்து நின்றுவிடும்.

முதல் ஆல்பம் வெளியான பின், ஆன்ட்ரேயும் பிக் பாயும் சொந்தமாக டிரம் மெஷின், கீபோர்டு உள்ளிட்ட ஒலிப்பதிவுக் கருவிகளை வாங்கி, வீட்டிலேயே பயிற்சி செய்தார்கள். அவர்களின் மேடை நிகழ்ச்சிகளில் இசைத்தட்டுகளை இயக்கும் டிஜேயாக இருந்த மிஸ்டர் டிஜேயும் இந்த முயற்சியில் உடனிருந்தார். பின்னாளில் மூவரும் சேர்ந்து எர்த்டோன் III என்ற பெயரில் இசையமைத்தார்கள். புகழ் கிடைத்த பத்தொன்பது வயது இளைஞர்கள் தங்கள் வருமானத்தைச் செலவிட வேறு எத்தனையோ வழிகள் இருந்தன. இந்த ஒரு செலவுதான் அவர்களின் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானித்தது என்று சொல்வேன்.

‘ஏடிஎலியன்ஸ்’ ஆல்பத்தின் பெரும்பகுதி அப்போதும் ஆர்கனைஸ்டு நாய்ஸின் இசைதான். ஆனால் முதலில் வெளியிடத் தேர்ந்தெடுத்த ‘எலிவேட்டர்ஸ்’ பாடலும், ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலும், ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’, ‘ஈ.டி.’ போன்றவையும் அவுட்காஸ்ட் தாமே அமைத்தவை. எண்ணிக்கையில் பாதியைவிடக் குறைவாக இருந்தாலும், ஆல்பம் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொன்னவை அவையே. ‘ஈ.டி.’ பாடலில் டிரம்ஸே கிடையாது. தாளமே உயிர் என்று கருதப்படும் ஒரு கலையில் தாளவாத்தியத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, வெறும் வெளியில் மிதக்கும் கீபோர்டின் மீது சொற்களை மட்டும் நடக்கவிடுவது, பிறரிடம் பீட் வாங்கிப் பாடும் எவரும் எளிதில் கேட்டுப் பெறக்கூடிய ஒன்றல்ல. தானே கருவியின் முன் அமர்ந்து, எதைச் சேர்ப்பது என்பதோடு எதை நீக்குவது என்பதையும் சோதித்துப் பார்த்தவர்களுக்கே அந்தத் துணிச்சல் வரும்.

இந்த மாற்றத்தை ஆசிரியர்களான ஆர்கனைஸ்டு நாய்ஸ் எதிர்க்கவில்லை என்பது முக்கியமானது. அவர்கள் அமைத்த பாடல்களும் முந்தைய ஆல்பத்தின் அடர்த்தியை விட்டு விலகின: எதிரொலி கூடியது, இடைவெளிகள் நீண்டன, ஜமைக்காவின் டப் இசையை நினைவுபடுத்தும் ஆழம் சேர்ந்தது. மாணவர்களின் கண்டுபிடிப்பும் ஆசிரியர்களின் கைத்திறனும் ஒரே ஒலியாகக் கலந்திருப்பதால்தான், எந்தப் பாடலை யார் அமைத்தார்கள் என்பது கேட்பவருக்கு உறுத்துவதில்லை.

‘எலிவேட்டர்ஸ்’: ஒரு பாடலை அருகில் வைத்துப் பார்த்தல்

1996 கோடையில் முதலில் வெளியான ‘எலிவேட்டர்ஸ்’ தனிப்பாடல்களுக்கான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 12ஆம் இடத்தையும் ராப் பட்டியலில் முதலிடத்தையும் பிடித்தது. வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த மற்ற பாடல்களோடு ஒப்பிட்டால் இது வியப்பான செய்தி. ஏனெனில் பாடலில் கொண்டாட்டமே இல்லை. ஆழத்தில் மெதுவாகத் துடிக்கும் பேஸ், இடைவெளி விட்டு விழும் தாளம், குரல் முடிந்த பிறகும் அதைத் தொடரும் எதிரொலி. பல்லவி உற்சாகமாகக் கூவவில்லை, கிட்டத்தட்ட முணுமுணுக்கிறது. நானும் நீயும் உன் தாயும் உறவினரும் எல்லோரும் சேர்ந்து காரில் போகிறோம் என்கிற அந்தப் பல்லவி, முதல் ஆல்பத்தின் கேடிலாக்கைக் கைவிடாமல், அதற்குள் ஒரு குடும்பத்தையே ஏற்றி உட்கார வைக்கிறது.

சரணங்கள் இருவரின் சொந்த வரலாறு. ஹெட்லாண்டும் டிலோவும் சந்திக்கும் அதே சந்திப்பில் ஆன்ட்ரே கதையைத் தொடங்குகிறார். அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்தான மார்ட்டாவில் ஏறி வாய்ப்புத் தேடி அலைந்தது, கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி இசைக்குள் ஓர் உணர்வைப் பிடிக்கக் காத்திருந்தது, பென்சிலும் தாளுமாக டிகேட்டருக்குப் போகும் 86ஆம் எண் பேருந்தில் பாட்டெழுதியது, சிறு சிறு கிளப்புகளில் கூட்டத்தை ஆடவைத்தும் கையில் காசு சேராதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நியூயார்க்கில் இருப்பவருக்கு அந்தச் சாலைகளின் பெயர்களோ பேருந்தின் எண்ணோ எதையும் உணர்த்தாது. அதற்காக அவர் எதையும் விளக்கவுமில்லை.

கடைசிச் சரணம்தான் இந்த ஆல்பத்தின் மையம் என்று நினைக்கிறேன். வணிக வளாகம் ஒன்றில் ஆன்ட்ரேயை ஒருவர் அழைக்கிறார்; பள்ளியில் உன்னோடு படித்தேன், நினைவிருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். ஆன்ட்ரேக்கு நினைவில்லை. என்ன கார் வைத்திருக்கிறாய், நன்றாகச் சம்பாதித்துவிட்டாயே, பாட்டுப் பாடிப் பாடிப் பெண்கள் கூட்டமே சேர்ந்திருக்குமே என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். அதற்கு ஆன்ட்ரே சொல்லும் பதில்: நீ படும் பாட்டைத்தான் நானும் படுகிறேன், எனக்கு ரசிகர்கள் அதிகம் என்பது உண்மை, ஆனால் வாரக் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் பணம் இல்லை, நீ மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வதுபோல் நான் பீட்டை நம்பி வாழ்கிறேன், உங்கள் கால்கள் ஆடாவிட்டால் எனக்குச் சாப்பாடு இல்லை.

முதல் ஆல்பத்துக்குப் பிளாட்டினம் வாங்கிய ஒருவர், அடுத்த ஆல்பத்திலிருந்து முதலில் வெளியான பாடலிலேயே, தன்னிடம் பணமில்லை என்று சொல்கிறார். இதைச் சுயபரிதாபம் என்று ஒதுக்க முடியாது. வெற்றி பெற்ற கலைஞருக்கும் அவரைக் கேட்பவருக்கும் இடையே எழும் சுவரை, இசைத் தொழிலின் உண்மைக் கணக்கை வெளிப்படையாகச் சொல்வதன் மூலம் அவர் தகர்க்கிறார். வெற்றிக்குப் பின் வரும் இரண்டாவது ஆல்பங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே: பாடுவதற்கு இருந்த பழைய வாழ்க்கை போய்விட்டது, புதிய வாழ்க்கையோ கேட்பவர்களுக்கு அந்நியமானது. ‘எலிவேட்டர்ஸ்’ அந்த இடைப்பட்ட நிலையையே பாடுபொருளாக்கிக்கொண்டது. மங்கலான, எதிரொலிக்கும் அந்த பீட் இல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் பொருந்தியிருக்காது. முதல் ஆல்பத்தின் உல்லாசமான ஃபங்க் இதைத் தாங்கியிருக்காது.

இரண்டு பேர், இரண்டு வாழ்க்கைகள்

இக்காலத்தில் ஆன்ட்ரே மதுவையும் கஞ்சாவையும் விட்டுவிட்டு, சைவ உணவுக்கு மாறி, தலைப்பாகை அணியத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது, ஏதோ மதக் குழுவில் சேர்ந்துவிட்டார் என்றெல்லாம் வதந்திகள் கிளம்பின. பிக் பாய் அந்தப் பாதையில் போகவில்லை. அவருக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. காரும் கிளப்பும் தெருவும் இன்னும் அவருடைய உலகமாகவே இருந்தன. ஆனால் அதில் தகப்பனின் பொறுப்பும் கலக்கத் தொடங்கியிருந்தது.

ஆல்பத்தின் பெயர்கொண்ட பாடல் இந்த இருமையை அழகாக ஏந்தி நிற்கிறது. பல்லவி கூட்டத்தைக் கையுயர்த்தச் சொல்லி, மீனும் கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சியும் பிடிக்குமென்றால் குரல் கொடுங்கள் என்று அழைக்கிறது. இரண்டும் தெற்கத்திய வீடுகளின் சாப்பாடு. ஆனால் சரணத்தில் ஆன்ட்ரே, போதையும் மதுவும் இல்லாததால் தனக்குச் சமிக்ஞை தெளிவாகக் கேட்கிறது என்கிறார். துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டதாகவும், குண்டு தீர்ந்துபோகாத வலுவான ஆயுதம் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும் சொல்கிறார். விருந்துக்கு அழைக்கும் பாடலுக்குள் விரதம் இருப்பவர் ஒருவர் பேசுகிறார். இரண்டையும் ஒரே பாடலில் வைக்க முடிந்ததற்குக் காரணம், இருவரும் ஒருவரையொருவர் மாற்ற முயலாததே.

விமர்சகர்கள் ஆன்ட்ரேயின் மாற்றத்தைப் பற்றியே அதிகம் எழுதினார்கள். அது பிக் பாய்க்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன். அந்த ஆல்பத்தில் தாளத்தின் மீது அதிகத் துல்லியத்தோடு ஓடுவது அவருடைய சொற்கள்தான். விண்வெளியை நோக்கிப் போகும் ஓர் ஆல்பத்தை மண்ணோடு பிணைத்து வைத்திருப்பதும் அவர்தான். அவர் இல்லாமல் ஆன்ட்ரே மட்டும் பாடியிருந்தால் ‘ஏடிஎலியன்ஸ்’ மதிக்கப்படும் ஒரு வினோதமாக நின்றிருக்கும்; அட்லாண்டாவின் கார்களில் அலறியிருக்காது.

விளைவும் ஒப்பீடும்

ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் 2ஆம் இடத்தில் நுழைந்தது. அதே நாளில் வெளியான, பேர்ல் ஜாம் என்ற ராக் குழுவின் ஆல்பம் மட்டுமே அதற்கு முன்னால் நின்றது. முதல் இரண்டு வாரங்களில் ஏறக்குறைய 3,50,000 பிரதிகள் விற்றன; பின்னாளில் இரட்டைப் பிளாட்டினம் சான்று கிடைத்தது. ஆல்பத்தின் பெயர்கொண்ட பாடல் ஹாட் 100இல் 35ஆம் இடம்வரை சென்றது. ஆல்பங்களுக்கு மைக்குகளால் மதிப்பெண் தரும் ‘தி சோர்ஸ்’ இதழ் ஐந்துக்கு நான்கு மைக் கொடுத்தது. அது நல்ல மதிப்பீடுதான். ஆனால் முதல் ஆல்பத்துக்குக் கொடுத்ததைவிட அரை மைக் குறைவு. அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. இந்த ஆல்பம் முதல் முறை கேட்கும்போது தன்னை முழுதாகத் திறந்து காட்டுவதில்லை.

அதே கோடையில் நடந்த இன்னொரு நிகழ்வை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த முடிவின் தன்மை தெளிவாகும். அவுட்காஸ்டின் முதல் ஆல்பத்துக்கு ஒரு வாரம் முன்பு, 1994 ஏப்ரல் 19 அன்று, நியூயார்க்கின் ராப் பாடகர் நாஸ் தன் முதல் ஆல்பமான ‘இல்மேட்டிக்’கை வெளியிட்டு உச்சபட்சப் பாராட்டைப் பெற்றிருந்தார். அவருடைய இரண்டாவது ஆல்பமான ‘இட் வாஸ் ரிட்டன்’ 1996 ஜூலை 2 அன்று வந்தது. பெரும்பாலான பாடல்களை டிராக்மாஸ்டர்ஸ் என்ற வணிக வெற்றிக்குப் பெயர்பெற்ற இணையர் அமைத்தார்கள். ஆல்பம் முதலிடத்தைப் பிடித்து மிக நன்றாக விற்றது. ஆனால் தெருவின் கவிஞர் வானொலிக்காக மாறிவிட்டார் என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. அந்த ஆல்பத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. நாஸின் எழுத்து அதில் எந்த விதத்திலும் மங்கவில்லை. ஆனால் அவர் மாறியது வேறொருவரின் ஒலிக்குள் நுழைந்து. அவுட்காஸ்ட் மாறியது தங்கள் ஒலியைக் கட்டிக்கொண்டு. மாற்றம் எதுவானாலும் ரசிகர் சினம் கொள்வார் என்ற பொதுவான எண்ணத்தை இந்த இரண்டு நிகழ்வுகளும் சேர்ந்து திருத்துகின்றன.

இணையர் என்ற வகையில் வர்ஜீனியாவின் கிளிப்ஸ் என்ற ராப் சகோதரர்களின் நிலைமை வேறு. 2002இல் பில்போர்டு பட்டியலின் 4ஆம் இடத்தில் நுழைந்த அவர்களின் ‘லார்ட் வில்லின்’ ஆல்பத்தை அடுத்து வந்த ‘ஹெல் ஹாத் நோ ஃப்யூரி’ நான்கு ஆண்டுகள் தாமதமாகி 2006 நவம்பரில்தான் வெளியானது. அதற்குக் கலையில் எந்தக் குறையும் காரணமல்ல. இசை நிறுவனங்களின் இணைப்பில் அரிஸ்டா நிறுவனத்திலிருந்து ஜைவ் நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டவர்கள் வழக்குத் தொடுக்கும் நிலைக்கே போனார்கள். விமர்சகர்கள் கொண்டாடிய அந்த ஆல்பம் 14ஆம் இடத்தோடு நின்றது. லாஃபேஸ் அப்படியொரு குழப்பத்தில் சிக்காததும், பழைய வெற்றியைத் திரும்பச் செய்யச் சொல்லி இவர்களின் கையைப் பிடிக்காததும், ‘ஏடிஎலியன்ஸ்’ வெற்றியின் காரணங்களில் சேர்க்கப்பட வேண்டியவை.

குறைகளும் தொடர்ச்சியும்

ஆல்பத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே உயரத்தில் இல்லை. ‘ஜாஸி பெல்’ பைபிளில் தீயவளாகச் சித்திரிக்கப்படும் அரசி ஜெசபெலை நினைவூட்டும் பெயரில், பெண்களின் நடத்தையைக் கண்டிக்கிறது. பிறக்கப்போகும் பெண் குழந்தையைப் பற்றிய கவலை அதில் உண்மையானதாக இருந்தாலும், அந்தக் கவலையின் சுமை முழுவதும் பெண்களின் தோளிலேயே வைக்கப்படுகிறது. ஆண்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் குறைவு. முதல் ஆல்பத்தின் மைனர் கோலத்தைக் கழற்றியவர்களால் அதன் பார்வையை முழுமையாகக் கழற்ற முடியவில்லை. ஆல்பத்தின் பிற்பாதியில் வேகம் ஒரே சீராகத் தாழ்ந்து, சில பாடல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் இறுதியில் வரும் ‘13த் ஃப்ளோர்/குரோயிங் ஓல்ட்’ அதை ஈடுசெய்கிறது. கவிஞர் பிக் ரூபின் உரைவீச்சோடு தொடங்கி, பியானோவின் மீது முதுமையைப் பற்றி நிதானமாகப் பேசும் அந்தப் பாடலை இருபத்தொரு வயதினர் எழுதினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அடுத்த ஆல்பமான ‘அக்வெமினை’ 1998 செப்டம்பர் 29 அன்று வெளியானபோது, அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை அவுட்காஸ்டே அமைத்திருந்தது. ‘தி சோர்ஸ்’ அதற்கு ஐந்து மைக்குகளையும் கொடுத்தது. 2003இல் வந்த இரட்டை ஆல்பம், 2004 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. இந்த வளர்ச்சியில் ஆர்கனைஸ்டு நாய்ஸின் பங்கு ஒவ்வோர் ஆல்பத்திலும் சுருங்கிக்கொண்டே வந்தது. பல குழுக்களில் இத்தகைய நிலை கசப்பிலும் வழக்கிலும் முடிந்திருக்கிறது. இங்கே அவ்வாறு நடக்கவில்லை. 2001இல் டஞ்சன் ஃபேமிலி என்ற பெயரிலேயே எல்லோரும் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். 2024 ஏப்ரலில் 52 வயதில் மறைந்த ரிக்கோ வேடின் பங்கை இந்த நிகழ்வின் கணக்கில் முதல் வரியில் எழுத வேண்டும்: தன்னிடம் பாட வந்த இருவர், தான் செய்துவந்த வேலையைக் கற்றுக்கொண்டு தன் இடத்திற்கு வருவதை அவர் அனுமதித்தார், இரண்டாவது ஆல்பத்திலிருந்து முதலில் வெளியாகும் பாடலாக அவர்கள் அமைத்ததையே முன்னால் போகவும் விட்டார்.